தண்டையார்பேட்டைக்கு வந்த தாடிக்காரர்

வாங்கிவந்த பியர்டட் டிராகன் சாப்பிட மறுக்கிறதா? தட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் விளக்கைப் பாருங்கள்!

ஓணானைக் கண்டால் கல்லெடுத்த ஊர் இது. ராமருக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வேலி வேலியாக அதை விரட்டிய பையன்களுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. அவர்கள் பெற்ற பிள்ளைகளோ அதே ஓணானின் ஆஸ்திரேலியப் பங்காளியைக் காசு கொடுத்து வாங்கிவந்து, கண்ணாடித் தொட்டியில் வைத்து, ‘ஒரு வாய் சாப்பிடுடா செல்லம்’ என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். ‘வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை’ என்று அம்மாக்கள் முணுமுணுப்பது நியாயம்தானே!

பியர்டட் டிராகன் மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட புதர்வெளிகளில் வாழும் பிராணி. நம்மூர் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் இருக்கும். கழுத்துக்குக் கீழே முள்முள்ளாக இருக்கும் தோலைக் கோபம் வந்தால் உப்பவைத்துக் கன்னங்கரேலென்று ஆக்கிக் காட்டும். பெயரிலுள்ள தாடி அதுதான். குரைக்காது, முடி கொட்டாது, கடிப்பது அபூர்வம், தோளில் ஏற்றினால் அங்கேயே சாய்ந்துவிடும். முக்கியமாக, ஹவுஸ் ஓனர் காதுக்கு எட்டாமல் வளர்க்கலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு தகுதி போதாதா?

வாங்கிய அன்றிருக்கும் குதூகலம் மூன்றாம் நாள் வடிந்துவிடும். கடைக்காரருக்குப் போன் போகும்.

“அண்ணே, வாங்கினு வந்ததுலேர்ந்து ஒண்ணுமே துன்னலண்ணே. ஒரே எடத்துல கெடக்குது.”

“புது எடம்பா. பசிச்சா தானா துன்னும், வுடு.”

வடசென்னையில் இந்த உரையாடல் இப்படித்தான் இருக்கும். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. இடம் மாறிய பியர்டட் டிராகன் சில நாள் இரையைத் தொடாமல் இருப்பது சகஜம். அவர் சொல்லாத மறுபாதி என்னவென்றால், இந்தப் பிராணிக்குப் பசி தானாக வராது. நம் உடம்பு உள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கு அந்த வசதி இல்லை, வெளியிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டும். உடம்பு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸுக்கு வந்தால்தான் இதன் வயிறும் குடலும் சரியாக வேலை செய்யும். அந்தச் சூடு ஏறாத ஓணானுக்கு எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கட்டாயப்படுத்தி வாயில் திணித்தாலோ, உள்ளே போனது செரிக்காமல் கிடக்கும். ஆகவே ‘என்ன கொடுப்பது’ என்ற கேள்வி இரண்டாவதுதான். ‘எங்கே, எப்படி வைத்திருக்கிறோம்’ என்பதே முதல் கேள்வி.

நம்ம ஊர் வெயில் போதாதா?

மே மாதம் 40 டிகிரியைத் தொடும் சென்னையில், வெயில் காயும் பிராணிக்குத் தனியாக விளக்கு எதற்கு என்று எல்லோருமே கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஹவுசிங் போர்டு வீட்டின் உள்ளறையில் இருப்பது வெயில் அல்ல, புழுக்கம். எந்த மூலைக்குப் போனாலும் அதே 31, 32 டிகிரி. பியர்டட் டிராகனுக்கு வேண்டியது வித்தியாசம். தொட்டியின் ஒரு முனையில் 40 டிகிரி காயும் ஒரு கல்லோ கட்டையோ இருக்கவேண்டும். எதிர் முனை 30-ஐத் தாண்டாத நிழலாக இருக்கவேண்டும். காலையில் விளக்கு எரிந்ததும் கல்லின்மேல் ஏறி, உடம்பைத் தட்டையாகப் பரப்பிச் சூடு வாங்கும். போதுமென்றால் இறங்கி நிழலுக்குப் போகும். சில சமயம் கல்லின்மேல் வாயைத் திறந்தபடி சிலைபோல் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்குப் பகீரென்றிருக்கும். நோய் இல்லை அது, ஏறிய சூட்டை வெளியே விடுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் வேண்டும். வளர்ந்த ஒன்றுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம் குறைந்தபட்சம். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கிய இரண்டடி மீன் தொட்டியில் ஒரு முனையில் 40 என்றால் மறுமுனையிலும் ஏறக்குறைய அதேதான். குட்டியை வைக்கலாம், அதுவும் சில மாதம்தான். கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வட்டமான வெப்பமானியை நம்பவேண்டாம். ஒயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, நுனியைக் கல்லின்மேலேயே வைத்துப் பாருங்கள். கோடையில் எதிர் முனை 33, 34 என்று காட்டினால் விளக்கின் வாட்டைக் குறைத்து அறையில் ஃபேனைப் போடுங்கள்.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய தொல்லை. காசிமேடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மதியத்துக்குமேல் கடற்காற்று வந்தால் நமக்கு உயிர் வரும், தாடிக்காரருக்குத் தலைவலி வரும். அவர் பிறந்த ஊரின் காற்றில் ஈரப்பதம் குறைவு. தொட்டிக்குள் 30, 40 சதவீதம் இருந்தால் நல்லது. சென்னைக் கரையோரத்தில் 70 சதவீதம் என்பது சாதாரணம். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே கண்ணாடி மூடி, உள்ளே பெரிய கிண்ணத்தில் தண்ணீர் என்று வைத்தால் ஐப்பசி மழையில் அந்தத் தொட்டி ஒரு நீராவிக் குளியலறை. மூக்கில் நுரை தட்டும், மூச்சு கரகரக்கும், இரை நின்றுபோகும். மேலே கம்பிவலை மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக வழி, இவை இரண்டும் கட்டாயம். தண்ணீருக்குச் சின்னத் தட்டு போதும். எரிகிற விளக்கே பகலில் ஈரத்தைக் கொஞ்சம் உலர்த்திவிடும். தொட்டிக்குள் புகைபோல் ஈரம் கிளப்பும் கருவி ஒன்றைக் கடையில் காட்டினால், வேறு ஏதோ பிராணிக்கானது என்று தள்ளிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத யுவிபி கதிர். தோலில் அது பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். கதிர் இல்லாமல் வளரும் குட்டிக்குச் சில மாதங்களில் தாடை ரப்பர்போல் வளையும், கால் நடுங்கும், முதுகெலும்பு கோணும். சாப்பிட ஆசைப்பட்டாலும் மெல்ல முடியாத நிலை அது. ‘வாயில் எடுக்கிறது, துப்பிவிடுகிறது’ என்று சொல்லப்படும் பல குட்டிகளுக்குச் சிக்கல் இங்கேதான். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்பது தப்புக்கணக்கு, ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். நீளமான டி5 யுவிபி டியூப் ஒன்று தொட்டியின் பாதி நீளத்துக்காவது வரவேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், வெளிச்சம் வரும், கதிர் வராது.

நிஜ வெயிலுக்கு இணை எதுவும் கிடையாது என்பதும் உண்மைதான். மொட்டை மாடி இருக்கிறவர்கள் பாக்கியவான்கள். ஆனால் கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிட்டுப் பல் விளக்கப் போனால், திரும்பி வருவதற்குள் வெந்திருக்கும். கம்பிவலைக் கூண்டில் வைத்து, பாதிக் கூண்டை ஈரத்துணியால் மூடி நிழல் செய்து, காலை எட்டு எட்டரை மணி வெயிலில் கால்மணி நேரம் காட்டுங்கள். பக்கத்திலேயே இருங்கள். காசிமேட்டு மீன்வாடைக்கு வட்டமிடும் பருந்துகளும், தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகளும் இதை வளர்ப்புப் பிராணி என்று மரியாதை கொடுக்கப்போவதில்லை.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்? 60 வாட் விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்டுக்குமேல். 100 வாட் என்றால் 72. யுவிபி டியூப் தனி. இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியைத் தாடிக்காரர் ஒருவரே சாப்பிட்டுவிடுவார். இந்தக் கணக்கை வாங்குமுன் வீட்டில் போட்டுப் பார்க்கவேண்டும், வாங்கியபின் போட்டால் விளக்கை அணைக்கத்தான் தோன்றும்.

ராத்திரிக்கு எந்த விளக்கும் வேண்டாம். சிவப்பு பல்பு, நீல பல்பு என்று விற்பதெல்லாம் தண்டம். மார்கழிக் குளிரிலும் சென்னை வீட்டுக்குள் இருக்கும் சூடு இதற்குத் தாராளம். இருட்டுதான் முக்கியம். இந்தப் பிராணி தூங்கும்போது மனிதர்களைப்போலவே ஆழ்ந்த தூக்கமும் கண் துடிக்கும் தூக்கமும் மாறிமாறி வருவதை ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரின் மேக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தார் 2016-ல் கண்டுபிடித்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். மனிதருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் சுழற்சி இதற்கு ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. டி.வி. வெளிச்சத்தில் நள்ளிரவுவரை விழித்திருக்கும் ஹாலில் வைத்தால், மறுநாள் இரை எடுக்கவில்லை என்று அதைக் குறை சொல்லமுடியாது. ராத்திரி ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துங்கள்.

முதல் வாரம்: பார்க்கலாம், தொடக்கூடாது

வீட்டுக்கு ஒரு புது உயிர் வந்தால் தெருவே வந்து பார்ப்பது நம் பழக்கம். பக்கத்து வீட்டு அக்கா, மாடி வீட்டுத் தாத்தா, ட்யூஷன் பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கையில் எடுத்து செல்ஃபி எடுத்தால், அந்தப் பிராணியின் கணக்கில் தன்னைப் பிடித்துத் தின்னப் பலர் வந்து போகிறார்கள். அப்படி நினைக்கும் உயிர் சாப்பிடுமா? முதல் ஒரு வாரம் கையில் எடுக்கவே கூடாது. தண்ணீர் மாற்றுவது, எச்சத்தை அள்ளுவது, இரை வைப்பது தவிரத் தொட்டிக்குள் கை போகவேண்டாம். தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே செய்தித்தாளை ஒட்டிவிடுங்கள். ஒதுங்கிக்கொள்ள உள்ளே ஒரு குகைபோல், உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்தாலும் சரி.

எங்கே வைப்பது என்பதிலும் தண்டையார்பேட்டைக்குத் தனிப் பாடம் உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர் லாரிகள் போகும் சாலையோர வீட்டில் தரையே அதிரும். தெருவில் சாவு என்றால் பறையும் பட்டாசும். ஆடியில் கூழ் வார்க்கும் நாட்களில் ஒலிபெருக்கி. இவற்றை நிறுத்தமுடியாது. தொட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேசையில், தெருவைப் பார்க்காத சுவரோரம் வைக்கமுடியும். உயரத்தில் வைப்பதில் இன்னொரு லாபம், மேலேயிருந்து ஒரு கை இறங்கி வருவது குறையும். காட்டில் மேலிருந்து வருவது பெரும்பாலும் பருந்துதான்.

அது பேசுவதைக் கவனியுங்கள். தாடி கறுத்திருந்தால் பயம் அல்லது கோபம். வயிற்றில் கறுப்புக் கோடுகளும் வளையங்களும் தெரிந்தால் மன உளைச்சல், அல்லது குளிர். குட்டி ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். ‘ஹாய் சொல்லுது’ என்று வீடியோ எடுப்பார்கள். ‘நீ பெரியவன், நான் வம்புக்கு வரல’ என்ற சரணாகதி அது. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துக்கூட இப்படிச் செய்யும். ஓயாமல் கண்ணாடியைப் பிறாண்டினால் அதுவும் பிம்பத்தோடு நடக்கும் சண்டையாக இருக்கலாம். துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கிவிடாதீர்கள். ஒன்று கல்லைப் பிடித்துக்கொள்ளும், மற்றது நிழலில் ஒடுங்கி மெலியும். அண்ணன் தம்பிபோல் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பது பாசமில்லை, வெளிச்சத்துக்கான போட்டி. குட்டிகள் ஒன்றின் வாலை, விரலை இன்னொன்று கடித்துத் தின்பதும் உண்டு.

அடியில் மணல் பரப்பினால் ஆஸ்திரேலியா மாதிரி இருக்கும் என்று படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். புதிதாக வந்த குட்டிக்கு வேண்டாம். இரையோடு மணலை விழுங்கிக் குடலை அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள் போதும். இல்லையென்றால் ஹார்டுவேர்ஸ் கடையில் மிச்சம் கிடக்கும் சொரசொரப்பான டைல்ஸ் துண்டு இரண்டு. சுத்தம் செய்வது சுலபம், நகமும் தேயும், விளக்கடியில் சூட்டையும் பிடித்துவைக்கும். எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் இதுதான் வசதி, அதைப் பற்றிக் கடைசியில் பேசவேண்டியிருக்கிறது.

தட்டில் என்ன வைப்பது?

குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு கீரை. ஒன்றரை வயதுக்குமேல் இதைத் தலைகீழாக்கவேண்டும். குட்டி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்தில் எவ்வளவு தின்னுமோ அவ்வளவு. பெரியதற்குத் தினம் கீரை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பூச்சி. அளவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: அதன் இரு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கூடாது.

பூச்சிக்கு எங்கே போவது? பறவை வளர்ப்பவர்களுக்கும் அரோவானா மீன் வளர்ப்பவர்களுக்கும் விற்கிற மீல்வார்ம், சூப்பர்வார்ம் கிடைக்கும். மீல்வார்மின் தோல் கெட்டி, குட்டிக்கு அதையே தினமும் கொடுக்கக்கூடாது. வளர்ப்புச் சில்வண்டு கிடைத்தால் விசேஷம். வீட்டிலேயே பெருக்கலாம். முட்டைக் கடையில் தூக்கிப்போடும் அட்டைத் தட்டுகள் நாலு, மூடியில் வலை பொருத்திய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, தின்ன கேரட்டும் கீரைக்காம்பும், இவ்வளவுதான் முதலீடு. ராத்திரியில் கத்தும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளவேண்டும். கொடுப்பதற்கு முந்தின நாள் பூச்சிக்கு வயிறார தீனி போடுங்கள். பட்டினிப் பூச்சியைத் தின்பது வெறும் ஓட்டைத் தின்பதுபோல. பிறகு ஒரு கவரில் பூச்சியைப் போட்டு, பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கிவிட்டுக் கொடுங்கள்.

வீட்டுக் கரப்பானும் தெருவிளக்கடியில் விழும் பூச்சியும் இலவசம்தானே என்று கை நீளும். நீட்டாதீர்கள். மாநகராட்சி கொசு மருந்துப் புகை அடிக்கிறது, வீட்டுக்கு வீடு கரப்பான் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறது, அந்தப் பூச்சி எதை மிதித்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? புகை வண்டி தெருவுக்குள் நுழையும் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, தொட்டியையும் மூடுங்கள். மின்மினிப்பூச்சி ஒன்றே ஒன்று வயிற்றுக்குள் போனாலும் பியர்டட் டிராகன் செத்துவிடும். அமெரிக்காவில் அப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. தண்டையார்பேட்டையில் மின்மினிக்கு வாய்ப்பில்லை, ஊருக்கு எடுத்துப்போகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கீரையில் நமக்கு அதிர்ஷ்டம். வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதும் இலைகளைத் தேடி அண்ணாநகர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகவேண்டாம். முருங்கைக்கீரையில் கால்சியம் ஏராளம், பொடியாகக் கிள்ளிப்போடலாம். கொத்தமல்லித்தழை, துருவிய மஞ்சள் பூசணி, கொஞ்சம் கேரட், பீன்ஸ் எல்லாம் சரி. செம்பருத்திப் பூ இருக்கிறதே, அதற்கு ஈடில்லை! இலையை முகர்ந்துகூடப் பார்க்காத தாடிக்காரர் சிவப்புப் பூவைக் கண்டால் ஓடிவருவார். மருந்து அடிக்காத வீட்டுச் செடியின் பூவாக இருக்கவேண்டும், பூக்கடை ரோஜா ஆகாது. பாலக், பசலை வகைகளைத் தினமும் போடக்கூடாது. அவற்றின் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சிறுகீரை, அரைக்கீரையும் என்றைக்காவதுதான். அவகாடோ விஷம், கண்ணிலேயே காட்டாதீர்கள். தயிர் சாதமும் இட்லியும் முட்டை பொரியலும் வாஞ்சையோடு ஊட்டப்படுகின்றன என்பது தெரியும். பாட்டிகளிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

புதிதாக வந்தது தொடவே மாட்டேன் என்றால் சில உபாயங்கள் உண்டு. அசைவதைத்தான் அது இரை என்று எண்ணும். அதனால் கீரைத் தட்டில் இரண்டு புழுவை விடுங்கள், நெளிகிற புழுவைக் கவ்வும்போது ஒரு இலையும் உள்ளே போகும். விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். அணைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள், சூடில்லாத ராத்திரியில் வயிற்றிலிருப்பது செரிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்க்காதீர்கள். கடையில் என்ன தின்றது, எந்த நேரத்தில் தின்றது என்று கேட்டு, முதல் வாரம் அதையே கொடுங்கள். மிஞ்சிய சில்வண்டுகளைத் தொட்டியிலேயே விட்டால் ராத்திரியில் அவை தூங்கும் குட்டியைக் கடிக்கும். எறும்பு அதைவிட மோசம். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதையே மேசைக் கால்களுக்கும் செய்துவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேடிக்கைச் செய்தி. முட்டை பொரியும் காலத்தில் சூடு மிக அதிகமாக இருந்தால், ஆண் குரோமோசோம் கொண்ட குட்டியும் பெண்ணாகவே பிறந்து முட்டையும் இடுகிறது. ஆஸ்திரேலியக் காட்டிலேயே இது நடப்பதை 2015-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

ஒரே அறை வீடு

ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் ஒன்றாக இருக்கும் வீடுகள் வடசென்னையில் அதிகம். அதனால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பியர்டட் டிராகனின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2012-க்கும் 2014-க்கும் இடையில் இந்தப் பிராணிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிக்குமேல் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ உள்ள வீட்டில் இது வேண்டாம் என்பதே என் கட்சி. மற்ற வீடுகளில், தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவவேண்டும். தொட்டிச் சாமான்களைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கழுவக்கூடாது. முத்தம் கொடுக்கக்கூடாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நடமாடவிடக்கூடாது.

பில் இருக்கிறதா?

ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. உலகம் முழுக்க விற்பனையாவது கூண்டில் பிறந்து வளர்ந்த தலைமுறைகள். இந்தியாவுக்குள் முறைப்படி வரவேண்டுமென்றால் இறக்குமதி உரிமம் வேண்டும், கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சோதனை வேண்டும். சென்னைக்கான நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. பையில் வைத்துக் கடத்தி வருவதற்கு இவை எதுவும் வேண்டாம். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து கேட்பாரற்றுக் கிடந்த பைகளைத் திறந்தபோது உள்ளே 45 பால் பைத்தான் பாம்புகள் உட்பட ஏகப்பட்ட உயிர்கள். அதற்குப் பிறகும் இதே விமான நிலையத்தில் பிடிபடுவது ஓயவில்லை. துணிப்பையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் அடைபட்டுத் தண்ணீரில்லாமல் வந்த பிராணி உங்கள் வீட்டில் வந்து சாப்பிடாததற்கு உங்கள் விளக்கு மட்டும் காரணமாக இருக்கமுடியாது.

2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், வனஉயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்கிறது. 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன, பதிவு பரிவேஷ் இணையதளத்தில். இகுவானா, பால் பைத்தான், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி எல்லாம் அந்த வளையத்துக்குள் வருகின்றன. பியர்டட் டிராகன் ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பட்டியல்களில் இல்லை. பட்டியல்கள் மாறக்கூடியவை என்பதால், வாங்குமுன் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கடைக்காரரிடம் பில் கேளுங்கள். 2018-ம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், அந்தச் சான்றிதழையும் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு கடை.

வேண்டாம் என்றாகிவிட்டால் கொடுங்கையூர்ப் பக்கமோ பூங்காவிலோ விட்டுவிட்டு வருவது புண்ணியம் இல்லை. நாய்க்கோ காக்கைக்கோ இரையாகும். பிழைத்தால், அந்நிய நோய்களை நம் ஓணான்களுக்குக் கொடுக்கும். வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது வனத்துறையில் தகவல் சொல்லுங்கள்.

எப்போது பயப்படவேண்டும்?

சூடு சரி, கதிர் சரி, யாரும் தொடவில்லை, அப்படியும் சாப்பிடவில்லை என்றால்? வளர்ந்த பிராணி ஒரு வாரம், பத்து நாள் இரையில்லாமல் தாங்கும். குளிர்காலத்தில் சில வாரங்கள் தூக்கத்திலேயே ஒதுங்குவதும் உண்டு. குட்டிக்கு அந்தச் சலுகை இல்லை, மூன்று நாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்கக்கூடாது. கண்ணால் பார்த்து ‘மெலிஞ்ச மாதிரி இல்லையே’ என்று முடிவு கட்டாமல், ஒரு டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவர்தான். கண் குழிவிழுந்தாலும், வாலடி எலும்பு துருத்தினாலும், கால் நடுங்கினாலும், பச்சையாகவோ தண்ணீராகவோ எச்சம் போனாலும் அன்றைக்கே.

கடையிலிருந்து வரும் குட்டிகளில் பலவற்றுக்குக் குடலில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியோ ஊசிப்புழுவோ இருக்கும். பயணக் களைப்பில் அது பெருகிப் பசியைக் கொன்றுவிடும். விளக்கை மாற்றினால் இது போகாது, மருந்து வேண்டும். எந்த மருந்து என்று தெரிய எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். நாய், பூனை பார்க்கும் தெருமுனை டாக்டர்கள் எல்லோரும் ஊர்வன பார்ப்பதில்லை, போனில் கேட்டுவிட்டுப் போங்கள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். செருப்பு அட்டைப்பெட்டியில் துளைபோட்டு, துண்டு விரித்து, நேர் வெயில் படாமல் கொண்டுபோங்கள். அன்று காலை போட்ட எச்சம் கொஞ்சத்தைச் சின்ன மூடி டப்பாவிலும், தொட்டியையும் விளக்கையும் போனில் எடுத்த படத்தையும் மறக்காமல் எடுத்துச்செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.